ஜெராக்ஸ் கடைப் புத்தகமா, சாரதி தளமா? எல்.எல்.ஆர். தேர்வுக்கு எது தேறும்

கடலூரானாலும் புதுச்சேரியானாலும், ஆர்.டி.ஓ. ஆபீஸைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் டீ, வடை காசுக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) தேர்வுக்கான ஒரு மெல்லிய கேள்வி-பதில் புத்தகம் கிடைக்கும். போக்குவரத்துச் சின்னங்களைப் படிக்க வாங்கலாம், அதுவும் கலரில் அச்சடித்திருந்தால் மட்டும். சட்ட விவரங்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

கலர் ஏன் முக்கியம்? வட்டத்துக்குள் 50 என்று ஒரு சின்னம். ஓரம் சிவப்பு என்றால் 50 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. முழு வட்டமும் நீலம் என்றால் 50-க்குக் குறையக்கூடாது. கறுப்பு வெள்ளை நகலில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நீல வட்டம் 'செய்', சிவப்பு ஓர வட்டம் 'செய்யாதே', முக்கோணம் 'எச்சரிக்கை', நீலச் செவ்வகம் 'தகவல்' என்ற அடிப்படையைப் பிடித்துவிட்டால் பாதிச் சின்னங்களை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. முக்கியமான விதிவிலக்கு இரண்டு: எண்கோணம் 'நில்', தலைகீழ் முக்கோணம் 'வழிவிடு'.

அதிகம் குழப்புவது ஜோடிச் சின்னங்கள்தான். குறுக்கே ஒரே கோடு இருந்தால் நோ பார்க்கிங். ஏற்றி இறக்க நிற்கலாம். இரண்டு கோடு பெருக்கல் குறியாக இருந்தால் நிற்கவே கூடாது. வேலி போன்ற கேட் படம் ஆளுள்ள ரயில்வே கேட், எஞ்சின் படம் ஆளில்லாதது. பலர் இதைத் தலைகீழாகப் போட்டு மார்க்கை இழக்கிறார்கள்.

புத்தகம் சறுக்குவது சட்டப் பகுதியில். பழைய பதிப்பையே திரும்பத் திரும்ப அச்சடிப்பதால், லைசென்ஸ் 20 ஆண்டு அல்லது 50 வயதுவரை செல்லும் என்றே போட்டிருப்பார்கள். 2019 சட்டத்திருத்தத்துக்குப் பின் கணக்கு வேறு: 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயதுவரை, 30 முதல் 50-க்குள் எடுத்தால் 10 ஆண்டு. குடித்துவிட்டு ஓட்டினால் 2,000 ரூபாய் என்று இருந்தாலும் அது பழைய புத்தகம்தான். இப்போது முதல் முறைக்கே 10,000 ரூபாய். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால் என்ற வரம்பு மட்டும் மாறவில்லை. கடையில் நின்றபடியே இந்த இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் மத்திய அரசின் சாரதி தளத்தில் மாதிரித் தேர்வு இலவசம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் கேள்வி வரும் விதமும் நேரம் ஓடும் விதமும் பழகிவிடும். புத்தகத்தில் அது முடியாது. 60 சதவீதம் எடுத்தால் பாஸ் என்பதால் அலட்சியமாகப் போகிறவர்களைக் கவிழ்ப்பது கேள்வியின் அரசுத் தமிழ். 'முந்துதல்' என்றால் ஓவர்டேக், 'சமிக்ஞை' என்றால் சிக்னல், 'பாதசாரி' என்றால் நடந்து போகிறவர். தெருவில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. 'கூடாது', 'தவிர' என்று முடியும் கேள்விகளைக் கடைசிச் சொல்வரை படியுங்கள்.

இன்னொரு சிக்கல், தெருவில் பார்த்ததை வைத்துப் பதில் போடுவது. சிக்னல் இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் ஒதுங்க இடமில்லை என்றால் இறங்கி வருகிற வண்டிதான் நிற்க வேண்டும். விட்டுவிட்டு எரியும் சிவப்பு விளக்கில் நின்று, பார்த்து, பிறகு போக வேண்டும். விட்டுவிட்டு எரிவது மஞ்சள் என்றால் மெதுவாகப் போனால் போதும். புதுச்சேரி நேரு வீதியில் சாயங்காலம் நடப்பதை நினைத்துப் பதில் சொன்னால் தேறவே முடியாது!

தளத்தில் முதல் படி மாநிலத்தைத் தேர்வது. ரெட்டிச்சாவடிக்காரர் தமிழ்நாடு, கூப்பிடு தூரத்துக் கிருமாம்பாக்கமும் பாகூரும் புதுச்சேரி. ஆதாரில் உள்ள முகவரி எந்தப் பக்கம் என்று பார்த்துத் தேர்வு செய்யுங்கள். மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு ஒவ்வொரு வகை வண்டிக்கும் 150 ரூபாய், தேர்வுக்கு 50. தவறினால் தேர்வுக் கட்டணம் மட்டும் மறுபடி. பாஸானால் எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டலாம். எல் போர்டு 18 செ.மீ. சதுரம், வெள்ளையில் சிவப்பு எழுத்து, உயரம் 10 செ.மீ.-க்குக் குறையக்கூடாது. புத்தகத்தின் பின்னட்டையில் வெட்டி ஒட்டச் சொல்லித் தரும் எல் இந்த அளவில் பாதிகூட இருக்காது.