சைக்கிள் முன்விளக்கு: பேட்டரி கழலுமா என்று முதலில் பாருங்கள்

இரவில் சாலையில் ஓட்ட ஒரு நல்ல முன்விளக்கு வேண்டும் என்று தேடத் தொடங்கினால், முதலில் கண்ணில் படுவது லூமென் கணக்குதான், அதாவது வெளிச்சத்தின் அளவு. 400, 800, 1,200, 2,000 என்று பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எனக்குப் புது விளக்கு வாங்க வேண்டி வந்தபோது மூன்று வகைகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தேன். பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய யூஎஸ்பி விளக்கு ஒன்று. பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய விளக்கு இன்னொன்று. மூன்றாவது, சக்கரத்தின் நடுவில் டைனமோ வைத்து எரிய வைப்பது. நான் வாங்கியது இரண்டாவது வகை. இன்றும் அதைத்தான் ஓட்டுகிறேன். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

பட்டன் பேட்டரி போட்ட குட்டி விளக்குகளை நான் சேர்க்கவே இல்லை. அவை நம்மை மற்றவர்களுக்குக் காட்டும், நமக்குச் சாலையைக் காட்டாது. சிங்கப்பூர்ச் சட்டம் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. சாலையில் இறங்கினால் தலைக்கவசம். விரைவுச்சாலையிலும் சுரங்கச் சாலையிலும் சைக்கிளுக்கு இடமில்லை. இங்கே ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டியே சூரியன் மறைவதால், வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் யாருக்கும் விளக்கு இல்லாமல் ஆகாது.

சரி, எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? சிங்கப்பூர்ச் சாலைகளில் பெரும்பாலானவற்றில் தெருவிளக்கு நன்றாகவே எரிகிறது. செராங்கூன் சாலையிலோ தெம்பனிஸ் அவென்யூக்களிலோ 200 லூமென் இருந்தாலே போதும். அங்கே விளக்கின் வேலை பஸ் ஓட்டுநர் நம்மைப் பார்ப்பதுதான். லிம் சூ காங், நியோ தியூ பக்கம் போனால் கதை வேறு. மரக்கிளைகள் கவிந்து தெருவிளக்கை மறைத்துக்கொள்ளும் இடங்களில் சாலையோரத்துச் சரளைக்கல்லும் பள்ளமும் கிட்டே போகும்வரை தெரியாது. (லிம் சூ காங் சாலையின் ஒரு பகுதியை ஆகாயப் படை அவசர ஓடுபாதையாகப் பயன்படுத்திப் பயிற்சி செய்ததுண்டு. அதற்காகவே அங்கே விளக்குக் கம்பங்களைக் கழற்றி எடுக்கும்படி அமைத்திருந்தார்கள்.) சாலையை விட்டு, பழைய ரயில் தடமான ரயில் காரிடாரில் இறங்கினால் பெரும்பகுதி கும்மிருட்டு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நாம் நொடிக்கு ஏழு மீட்டர் போகிறோம். விளக்கு 20 மீட்டருக்குத்தான் தெளிவாகக் காட்டுகிறது என்றால், பள்ளத்தைப் பார்த்து பிரேக் பிடிக்க மூன்று நொடிகூடக் கிடைக்காது. இருட்டுச் சாலைக்கு 400 முதல் 800 லூமென் வரை வைத்துக்கொண்டால் நிம்மதி. அதற்குமேல் போடுவது எதிரே வருபவர் கண்ணைக் கூச வைப்பதற்குத்தான் உதவும்.

இந்த அளவு வெளிச்சத்தை மூன்று வகையுமே தரும். அதனால் பெட்டிமேல் இருக்கும் எண் எனக்கு முடிவைச் சொல்லவில்லை. முடிவைச் சொன்னது, அந்த எண் எத்தனை ஆண்டு நிற்கும் என்ற கேள்வி.

லித்தியம் அயன் பேட்டரி எதுவானாலும் வயதாகும். சில நூறு முறை முழுதாகச் சார்ஜ் ஏற்றி இறக்கியதும் அதன் கொள்ளளவு சுமார் எண்பது விழுக்காட்டுக்கு வந்துவிடும். வாரத்தில் நான்கைந்து இரவு ஓட்டுபவருக்கு இது இரண்டு மூன்று ஆண்டுக் கதை. வெப்பம் இதை இன்னும் விரைவுபடுத்தும். முழுச் சார்ஜில் சூட்டில் கிடப்பதுதான் இந்த பேட்டரிகளுக்கு மிகவும் ஆகாதது. நாம் செய்வதோ அதேதான்: இரவில் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, காலையில் ஹேண்டில்பாரில் மாட்டி, பகல் முழுக்க வெயிலில் நிறுத்தி வைக்கிறோம்.

கொள்ளளவு குறைவதைவிடத் தொல்லை, வயதான பேட்டரியால் ஒரே நேரத்தில் அதிக மின்சாரத்தைத் தர முடியாமல் போவது. என் பழைய விளக்கு உள்ளே பேட்டரி மூடிய வகை. பிராண்ட் பெயர் வேண்டாம். கடைசிக் காலத்தில் பச்சை காட்டிக்கொண்டே கிளம்பும். அதிக வெளிச்சத்தில் வைத்த சற்று நேரத்தில் பொத்தானைச் சுற்றியிருக்கும் வளையம் சிவப்பாகி, தானாகவே மங்கலுக்கு இறங்கிவிடும். எல்இடிக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியும் மவுண்ட்டும் புதிதுபோல இருந்தன. ஆனால் உடல் முழுக்கப் பசை போட்டு ஒட்டியிருந்ததால் திறக்க வழியில்லை. பத்து சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு பேட்டரிச் செல்லுக்காக மொத்த விளக்கையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

இன்னொரு பலவீனமும் உண்டு: சார்ஜ் துளை. அதை மூடும் ரப்பர் மடிப்பு நாளாக ஆகத் தளர்ந்துபோகும். வேர்வையும் மழையும் உள்ளே இறங்கி உலோகத்தில் பச்சைப் பூஞ்சைபோலப் படியும். உள்ளே பேட்டரி மூடிய விளக்கில் அந்தத் துளை போனால் விளக்கே போனமாதிரிதான். கழற்றும் வகையில் செல்லை வெளியே எடுத்துத் தனிச் சார்ஜரில் போட்டுக்கொள்ளலாம்.

இனி, நான் வாங்கிய வகை. கழற்றும் பேட்டரி என்று விற்பதிலும் இரண்டு பிரிவு உண்டு, கடையில் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்ஐ நிறுவனத்தின் வோல்ட் 400, 800 போன்றவை அவர்களுடைய சொந்த வடிவப் பேட்டரியை எடுத்துக்கொள்ளும். சட்டென்று மாற்றலாம், ஆனால் அவர்கள் அந்த உறையைச் செய்யும்வரைதான். ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் பிசி21ஆர், பிசி26ஆர் போன்றவை பொதுவான உருளைச் செல்களைப் போடுபவை. முன்னது 18650, பின்னது 21700. இந்த எண்கள் அளவுதான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், மற்றது 21, 70. டார்ச், பவர்பேங்க், மடிக்கணினி என்று எங்கும் புழங்குகிற அளவு. நிறுவனம் நாளைக்கு மாடலை நிறுத்தினாலும் செல் கிடைக்கும்.

செல் வாங்குவதில்தான் கவனம் வேண்டும். இணையத்தில் கொள்ளளவு 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்த 18650 செல்கள் மூன்று நான்கு வெள்ளிக்குக் கிடைக்கும். அப்படி ஒரு செல் உலகத்தில் கிடையாது. இந்த அளவில் நல்ல நிறுவனங்கள் தருவதே 3,500 சொச்சம்தான். சமையலறைத் தராசில் வைத்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். ஒழுங்கான செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். போலியைக் கையில் வைத்தாலே காலித் தீப்பெட்டிபோல இருக்கும். பானசோனிக், சாம்சங், எல்ஜி செல்களை நம்பலாம், ஆனால் அவற்றின் உறையையும் போலியாக அச்சடிப்பவர்கள் இருப்பதால் முகம் தெரிந்த கடையில் வாங்குவது நல்லது. மலேசியாவில் வேப் (மின்சிகரெட்) கடைகளிலேயே இந்தச் செல்கள் கிடைத்துவந்தன. இங்கே வேப்பே தடை என்பதால் அந்த வழி இல்லை. நான் சிம் லிம் டவரில் மின்னணுப் பாகங்கள் விற்கும் கடையில் வாங்கினேன். பத்துப் பதினைந்து வெள்ளிக்குள் முடிந்தது.

இன்னொரு சிறு சிக்கல். பாதுகாப்புச் சுற்று வைத்த செல் 65 மில்லிமீட்டரைவிட மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். சில விளக்குகள் அதைத்தான் ஏற்கும். சிலவற்றில் அது நுழையவே நுழையாது. மேல்முனை தட்டையா குமிழா என்பதிலும் இதே தொல்லை. பழைய செல்லைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கினால் பிரச்சினை இல்லை.

3,500 மில்லி ஆம்பியர் மணிச் செல்லில் ஏறத்தாழ 12.6 வாட் மணி மின்சாரம் இருக்கிறது. 800 லூமெனுக்கு ஒன்றரை மணி நேரம், 400 லூமெனுக்கு மூன்று மணி நேரம் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். கூடுதலாக ஒரு செல்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் இரட்டிப்பு. சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் அதை வெறுமனே போட்டுவிடாதீர்கள். இரு முனையும் உலோகத்தில் பட்டால் கொதித்துவிடும். ஒரு வெள்ளிக்குப் பிளாஸ்டிக் டப்பா கிடைக்கிறது.

துவாஸ் பக்கம் ஒரு சிக்னலில் மன்னார்குடித் தம்பி ஒருவரைச் சந்தித்தேன். அவர் கண்ட வழி இதைவிட மலிவு. 18650 போடும் சாதாரண டார்ச்சைப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஹேண்டில்பாரில் இறுகச் சுற்றியிருந்தார். “அண்ணே, சைக்கிள் லைட்டுன்னு விக்கிறதெல்லாம் பேட்டரி போனா அதோட போச்சு. இதுக்குச் செல் மட்டும் மாத்துனா போதும்” என்றார். நான் இத்தனை ஒப்பீடு செய்து வந்து சேர்ந்த இடத்தில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். டார்ச்சின் குறை ஒன்றுதான்: ஒளி வட்டமாக நாலாபுறமும் பாயும். அதில் பாதி மரத்துக்கும் எதிரே வருபவர் கண்ணுக்கும் போய்விடும்.

இந்த இடத்தில்தான் நான் வாங்கிய விளக்கும் தோற்கிறது, மறைக்கவில்லை. ஜெர்மனியின் எஸ்டிவிஇசட்ஓ விதிப்படி செய்த விளக்குகளில் ஒளியின் மேல்விளிம்பு கார் விளக்குபோல நேர்கோட்டில் வெட்டி நிற்கும். வெளிச்சம் முழுக்கச் சாலையில் விழும், எதிரில் வருபவருக்குக் கூசாது. அந்த ரகத்தில் பெரும்பாலானவை பேட்டரி மூடிய வகையும் டைனமோ வகையும்தான். என்னுடையதில் அவ்வளவு சுத்தமான வெட்டு இல்லை. பூங்கா இணைப்புப் பாதையில் மாலை நடை வரும் பெரியவர் ஒருவர் “தம்பி, லைட்டைக் கொஞ்சம் கீழ இறக்குப்பா” என்று சொன்ன பிறகு, ஒளியின் நடுப்புள்ளி ஏழெட்டு மீட்டருக்கு முன்னால் தரையில் விழும்படி சாய்த்து, மிகக் குறைந்த வெளிச்சத்தில்தான் அங்கே ஓட்டுகிறேன். பூங்கா இணைப்புப் பாதையிலேயே உங்கள் பயணம் பெரும்பாலும் முடிகிறது என்றால், வெட்டொளி கொண்ட மூடிய விளக்கே சரி என்பேன்.

தண்ணீர் விஷயத்திலும் மூடிய விளக்குக்கு ஒரு படி மேல். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும். நம் ஊர் இடிமழைக்கு ஐபிஎக்ஸ்4 போதாது, குறைந்தது ஐபிஎக்ஸ்6 இருக்கட்டும். கழற்றும் வகையில் மூடியின் ரப்பர் வளையம்தான் காவல். அவ்வப்போது துடைத்து, சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு தடவ வேண்டும். ஒரு தலைமுடி அதில் சிக்கியிருந்தாலே நீர் இறங்கும்.

டைனமோவைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. நண்பரின் பிராம்ப்டன் மடிப்புச் சைக்கிளில் ஓட்டிப் பார்த்ததோடு சரி. சார்ஜ் என்ற பேச்சே இல்லாதது பெரிய சுகம். வழக்கமான அளவு 6 வோல்ட், 3 வாட். மிதித்தால் எரியும், இழுவை காலுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சிவப்பு சிக்னலில் நின்றால் உள்ளே இருக்கும் மின்தேக்கி சில நிமிடம் மங்கலாக எரிய வைக்கிறது. ஆனால் முன்சக்கரத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும், கம்பி இழுக்க வேண்டும். டைனமோ ஹப் (சக்கரத்தின் நடுப்பாகம்), சக்கரம், விளக்கு எல்லாம் சேர்த்தால் சில நூறு வெள்ளி ஆகிவிடும். கிழக்கிலிருந்து மேற்குக் கோடிவரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் உள்ள தீவில், நாள் கணக்கில் அணையாத விளக்கின் அருமை வெளிப்பட இடமே இல்லை. தாய்லாந்துவரை ஓட்டும் எண்ணம் உள்ளவருக்கு அது வேறு கணக்கு.

மடிப்புச் சைக்கிளை எம்ஆர்டி ரயிலில் ஏற்றுபவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மடித்தபின் 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஹேண்டில்பாரில் துருத்தும் விளக்கு அதைக் கெடுக்கும், எனவே ஒரே அழுத்தில் கழலும் மவுண்ட் வேண்டும். அடுக்குமாடி புளோக் கீழே நிறுத்துபவர்களுக்கும் அதுவே நல்லது. விளக்கை மாட்டியபடி விட்டுப்போனால் திரும்பி வரும்போது இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவுக்குப் போய்வருபவர் நான் சொன்ன செல் கணக்கையெல்லாம் பொருட்படுத்த வேண்டாம். ஆண்டுக்குச் சில முறை சார்ஜ் ஏற்றும் விளக்கில் பேட்டரி சீக்கிரம் தேயாது. நாற்பது ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும் மூடிய விளக்கு அவருக்குப் பல ஆண்டு உழைக்கும். ஓட்டாத நாள்களில் பாதிச் சார்ஜில் வைத்தால் இன்னும் நல்லது. தினமும் இருட்டில் வேலைக்குப் போய்வருபவர் மட்டும் கடைக்காரரிடம் பின்மூடியைத் திருகித் திறந்து காட்டச் சொல்லுங்கள். செல் வெளியே வந்தால் வாங்கலாம். தேய்ந்துபோன செல்லை வீட்டுக் குப்பையில் போடாமல், முனைகளில் டேப் ஒட்டி, கடைத்தொகுதிகளில் வைத்திருக்கும், பேட்டரியை ஏற்கும் மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிடலாம்.