ஓய்வுக்குப் பின் குடியிருக்க: சேலம் அஸ்தம்பட்டியா, ஏற்காடு மலையா?

பணிக்கொடை கைக்கு வந்ததும் ஆசிரியர்கள் பலருக்கும் வரும் குழப்பம் இது.

வெயில்: சித்திரையில் சேலம் வாட்டி எடுக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ராத்திரி போர்வை கேட்கும்.

ஈரம்: வீட்டுத் தரகர் வாயே திறக்காத விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் துணி காயாது. மர பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்பலகையில் பூஞ்சை ஏறி, சேர்த்துவைத்த புத்தகங்களும் வீணாகும். நான்கு விரல் இடைவெளி விடுங்கள். சேலத்தில் இந்தத் தொல்லை குறைவு.

மருத்துவம்: அஸ்தம்பட்டியில் ஆட்டோ தூரம். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். மண் சரிந்து அந்தப் பாதை அடைபட்டால், மாற்றுப் பாதையான குப்பனூர் வழிதான்.

முழங்கால்: மலையில் பால் வாங்கப் போனாலும் ஏற்ற இறக்கம்.

மாதாமாதம் இதயப் பரிசோதனை என்றால் சேலமே. நடக்கத் தெம்பிருந்தால் மலை. ஆனால் வாங்குமுன் ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.