விரலை வைத்தால் ஓடிப்போகும் பக்கம்: மூன்று வருட இ-ரீடர் அனுபவம்

போன வாரம்தான் திரை மாற்றி எங்கள் இ-ரீடர், அதாவது மின்புத்தகம் படிக்கும் கருவி, வீடு திரும்பியது. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால் புதிதே வந்திருக்கும். அந்தக் கோபம் ஆறுவதற்குள் தோழி ஒருத்தி போன் செய்தாள். "பையனுக்கு டிஸ்லெக்சியான்னு சொல்லிட்டாங்க. நீ உன் பொண்ணுக்கு வாங்கினியே, அதையே நானும் வாங்கட்டுமா?" டிஸ்லெக்சியா என்றால் எழுத்தைக் கூட்டிப் படிப்பதில் வரும் சிரமம், என் மகளுக்கும் அதுதான். தோழிக்கு எழுத ஆரம்பித்ததுதான் இது.

ஆறு இன்ச், காகிதம் போலத் தெரியும் மின்தாள் திரை, தொட்டு இயக்குவது, பக்கம் திருப்பப் பொத்தான் கிடையாது. மற்றதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே.

பொத்தான் இல்லாததில்தான் என் சண்டை. எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள் பலர் வரிக்குக் கீழே விரலை ஓட்டித்தான் படிப்பார்கள். விரலை எடுத்தால் வரி தவறும், படித்த வரியையே மறுபடி படிப்பார்கள். இந்தக் கருவியோ விரல் பட்டதும் பக்கத்தைத் திருப்பிவிடும். இழுத்தாலும் திருப்பும், கொஞ்சம் அழுத்தினால் அகராதியைத் திறக்கும். என் மகள் பத்துச் சொல்லை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து முடிக்கும்போது பக்கம் ஓடிவிடும். திரும்பி வந்தால் எந்த வரியில் நின்றோம் என்று தெரியாது, மறுபடி முதலிலிருந்து. முதல் மாதம் அவள் அழுதது எழுத்துக்காக இல்லை, இதற்காக. தொடுதலை நிறுத்தி வைக்க எங்கள் மாடலில் வழியே இல்லை. படிக்கவென்றே செய்த கருவியில், படிக்கச் சிரமப்படும் பிள்ளையின் விரலை யாருமே நினைத்துப் பார்க்கவில்லை!

கடைசியில் ஐஸ்குச்சிதான் கைகொடுத்தது. இந்த மாதிரித் திரை விரலைத்தான் உணரும், காய்ந்த மரக்குச்சியை உணராது. குச்சியை வரிக்குக் கீழே நகர்த்தினால் பக்கம் அசையாமல் நிற்கும். மூன்று வருடமாக உறைக்குள் ஒரு குச்சி இருக்கிறது.

டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கென்றே செய்த ஓப்பன்டிஸ்லெக்சிக் என்ற எழுத்துருவும் இதில் உண்டு. எழுத்தின் அடிப்பக்கம் கனமாக இருக்கும். ஆங்கிலக் கதைக்கு அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதில் தமிழ் எழுத்தே கிடையாது. அவள் தடுமாறுவதோ தமிழில்தான் அதிகம். 'தேள்' என்பதில் கண்ணுக்கு முதலில் தெரிவது இரட்டைக்கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது 'த்'. 'கொ' என்றால் கொம்பு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம். போதாததற்கு ண, ன, ந குழப்பம் வேறு. அவளுக்குக் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. எழுத்தையும் ஒலியையும் கோர்ப்பதில்தான் சிரமம். அதை எழுத்துருவை மாற்றிச் சரிசெய்ய முடியாது.

உதவியது எழுத்தின் அளவு. நன்றாகப் பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவே இடம் விட்டால், 'போய்க்கொண்டிருந்தாள்' என்ற ஒரே சொல் ஒரு வரியை எடுத்துக்கொள்ளும். பக்கத்துக்கு ஏழெட்டு வரி, வரிக்கு ஒன்றிரண்டு சொல். குறுகிய வரிகள் டிஸ்லெக்சியா உள்ள சிலருக்குக் கைகொடுப்பதாக 2013-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு உண்டு. அதைப் பற்றி நான் படித்தது பிறகுதான், முதலில் பார்த்தது வீட்டில். அவள் பக்கத்தை முடித்தாள். பக்கம் சின்னதாக இருந்ததால்தான் முடித்தாள். ஆனால் ஒரு பக்கத்தை முடித்துவிட்டோம் என்பதே அதுவரை அவளுக்குக் கிடைக்காத ஒன்று.

கதைகளுக்கு, குழந்தைகள் புத்தகம் வெளியிடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளம். தமிழில் நிறைய இருக்கிறது, இலவசம், படிக்கும் திறனுக்கு ஏற்ப நிலை 1 முதல் 4 வரை பிரித்திருக்கிறார்கள். பிடிஎஃப்பாக ஏற்றினால் எழுத்தின் அளவை மாற்ற முடியவில்லை. அதனால் இரண்டாம் நிலைக் கதைகளை நானே தட்டச்சு செய்து ஏற்றினேன். கதையை உருவாக்கியவர்களின் பெயரைக் குறிப்பிட்டால் அப்படி மாற்றிப் பயன்படுத்த உரிமம் இடம் தருகிறது. இருபது கதைகளுக்கு மேல் தட்டியிருப்பேன். சமைத்து முடித்த பிறகு தினமும் அரை மணி நேரம்.

அப்புறம், நான் எதிர்பார்க்காத ஒன்று. பத்து வயதில் இரண்டாம் நிலைப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் "இது குட்டிப் பாப்பா புக்" என்பார்கள். இதில் அட்டை தெரியாது, தடிமன் தெரியாது. ரயிலில் எதிர் சீட்டுக்காரருக்கு அவள் ஏதோ பெரிய நாவல் படிக்கிறாள் என்றுதான் தோன்றும். தப்பாகப் படித்தாலும் கேட்க ஆள் இல்லை. வகுப்பில் எழுப்பி நிறுத்திச் சத்தமாகப் படிக்க வைத்து அவளுக்கு ஏற்பட்டிருந்த பயம் இதனிடம் வரவில்லை. ஒரு நாள் இரவு பத்தரைக்குப் போர்வைக்குள் வெளிச்சம். என்னவென்று பார்த்தால், குச்சியை நகர்த்தி நகர்த்தி ஒரு யானைக் கதை. நான் படித்துக் காட்டாத கதை. "முடிவைச் சொல்லாதீங்கம்மா" என்றாள். நான் வெளியே வந்து சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு தோழிக்கு என் பதில்: இந்த மாடலை வாங்காதே. பக்கம் திருப்பப் பொத்தான் உள்ள கருவி விலை கூடுதலாக இருந்தாலும் அதை வாங்கு, தொடுதலை நிறுத்த வழி இருக்கிறதா என்று கடையிலேயே கேள். எங்களுடையது பழுதுக்குப் போன பதினோரு நாளும் இவள் ஒரு வரி படிக்கவில்லை. அச்சுப் புத்தகத்தைக் கொடுத்தால் தள்ளிவிட்டாள். கூரியர்காரர் மணியடித்தபோது ஓடிப்போய்க் கதவைத் திறந்தவள் அவள்தான், கையில் ஐஸ்குச்சியோடு.