ஃபன் ஹவுஸ் வீட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகள்

கொச்சிக் கிடங்கில் ஒரு பழைய விளையாட்டு இயந்திரத்தின் பின்பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தபோதுதான் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். வில்லியம்ஸ் நிறுவனம் 1990இல் வெளியிட்ட ‘ஃபன் ஹவுஸ்’ பின்பால் இயந்திரம்; ஜெர்மனியிலிருந்து கன்டெய்னரில் வந்தது. சாய்ந்த பலகையில் உருளும் எஃகுப் பந்தை, இரு பக்கப் பொத்தான்களை அழுத்தி ‘பிளிப்பர்’ என்னும் சிறு துடுப்புகளால் தட்டி ஆடும் ஆட்டம்தான் பின்பால். அந்தக் காலத்து வில்லியம்ஸ் இயந்திரங்களில் மூன்று பேட்டரி செல்கள் சர்க்யூட் பலகையிலேயே உட்கார்ந்திருக்கும். கசிந்தால் பச்சை பூத்துப் பலகையை அரித்துவிடும். இதில் அந்த இடம் பளிச்சென்று இருந்தது. முகம் தெரியாத யாரோ முப்பது ஆண்டுகள் செல்களைக் காலாகாலத்தில் மாற்றிவந்திருக்கிறார். அவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஜெர்மனியில் ஓடியது என்பதால் 230 வோல்ட், நம் வீட்டு மின்சாரத்துக்கு அப்படியே பொருந்தியது. அமெரிக்க வீட்டில் ஓடியதென்றால் 120 வோல்ட். டிரான்ஸ்பார்மர் இணைப்பை மாற்ற வேண்டியிருக்கும். ஆனாலும் மாலையில் மின்னழுத்தம் இறங்கும் நேரத்தில் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் ஆட்டம் பாதியில் அணைந்துபோகும். ஸ்டெபிலைசர் வைத்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது.

கோவையில் இதற்குப் பெரிய எதிரி ஆடிக் காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் புழுதி கண்ணாடிக்கு அடியிலும் புகுந்துவிடுகிறது. புழுதியோடு 80 கிராம் எஃகுப் பந்து உருண்டால் ஆட்டப் பலகையின் சாயம் தேயும். ஆடியில் வாரம் ஒருமுறை துடைக்கிறேன். கீறல் விழுந்த பந்தை யோசிக்காமல் மாற்றிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேத்தி இடது பொத்தானை விடாமல் அழுத்திப் பந்தைத் தாங்கி நிறுத்திக்கொண்டு, “அப்புச்சி, வந்து பாருங்கள்” என்று கூப்பிட்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் வார்னிஷ் கருகிய வாசனை. பிளிப்பரைத் தூக்கும் கம்பிச்சுருளான காயில் எரிந்துவிட்டது.

கணபதிப் பகுதியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். பின்பாலை அவர் கண்ணால் கண்டதில்லை. கம்பியைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணினார், மைக்ரோமீட்டரில் தடிமன் பார்த்தார். “இதற்குள் இரண்டு தனிச் சுருள் இருக்கிறது, அண்ணா. தடித்த கம்பி தூக்குவதற்கு, மெல்லியது பிடித்து நிறுத்துவதற்கு. தூக்கி முடித்ததும் தடித்ததை எது துண்டிக்கிறது?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து ஆட்டப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பிளிப்பர் மேலே எழுந்ததும் விலக வேண்டிய சின்னச் சுவிட்ச், கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றி இடைவெளியைச் சரிசெய்தபின் அவர் சுற்றிய காயிலைப் பொருத்தினேன். இன்றுவரை அதே காயில்தான் ஓடுகிறது.

கேட்காமலே வலது பக்கத்துக்கும் ஒன்று சுற்றிக் கொடுத்திருந்தார். அது இன்னும் பிரிக்காமல் இயந்திரத்தின் காசுப்பெட்டிக்குள் இருக்கிறது.