ஞானப்பல் எடுத்த கன்னத்துக்கு ஐஸா, சுடு ஒத்தடமா?

ஞானப்பல்லைப் பிடுங்கிவிட்டு ஈரோட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அப்பத்தா உப்பை வறுத்துத் துணியில் முடிந்துகொண்டு ஒத்தடம் கொடுக்க வந்துவிடுவார். பாசம் சரிதானுங்க, நேரம்தான் தப்பு.

முதல் நாள் ஐஸ்தான். குளிர்ச்சி ரத்தக்குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை மட்டுப்படுத்தும், வலியும் மரத்துப்போகும். ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்பக்கம் 15-20 நிமிடம் வையுங்கள். அதே அளவு நேரம் விட்டு மறுபடி வைக்கலாம். அன்றைக்கே சூடு வைத்தால் ரத்த ஓட்டம் கூடி வீக்கம் ஏறும். எப்படியும் 2, 3ஆம் நாள்தான் வீக்கம் உச்சத்துக்கு வரும். அதைப் பார்த்து ஐஸ் பலிக்கவில்லை என்று விட்டுவிட வேண்டாம்.

48 மணி நேரம் போனபின் அப்பத்தாவின் முறை. மிதமான சூடு, இறுகிப்போன தாடையைத் தளர்த்தும். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரை 24 மணி நேரம் கழித்தே தொடங்கலாம். வேகமாகக் கொப்பளிக்காமல், வாயில் வைத்து மெல்லச் சாய்த்து விடுங்கள். குழியில் உறைந்த ரத்தம் கழன்றால் எலும்பு வெளியே தெரிந்து, வலி உயிரை எடுத்துவிடும். பொள்ளாச்சி இளநீர் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் ஸ்ட்ரா கூடாது.

3 நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ ஐஸ், ஒத்தடம் இரண்டையும் விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.