‘எல்லா ஜாடிக்கும் பொருந்தும்’ என்று விற்கும் ரப்பர் வளையங்களை நம்பாதீர்கள்

பழத்தைக் கண்ணாடி ஜாடியில் பதப்படுத்தி வைக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வளையம் வாங்குங்கள். போன மாதம் பன்னிரண்டு ஜாடிப் பழக்கூழை நான் முழுவதுமாகக் கொட்டினேன். பழத்தில் குற்றமில்லை, ஜாடியிலும் இல்லை. இணையத்தில் வாங்கிய மாற்று ரப்பர் வளையம்தான் காரணம்.

என்னிடம் இருப்பவை வெக் ஜாடிகள். கண்ணாடி மூடி, நடுவில் ஒரு ரப்பர் வளையம், மேலே இறுக்க இரண்டு எஃகு க்ளிப். ஜாடி உடையாத வரை பல வருஷம் வரும். வளையம் அப்படியில்லை. இயற்கை ரப்பர் வெயிலிலும் காற்றிலும் வறண்டுபோகும். என் பழைய வளையங்களை மடித்து அழுத்தினால் மடிப்பில் மயிரிழைபோல் வெடிப்பு தெரிந்தது. சரி, புதிது வாங்கிவிடலாம் என்று தேடினேன்.

கிடைத்த விளம்பரத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. உணவுத் தரம், இயற்கை ரப்பர், கொதிநீர் தாங்கும், 100 மி.மீ., எல்லா ஜாடிக்கும் பொருந்தும். படத்தில் இருந்ததும் என் ஜாடி மாதிரியேதான். இருபத்து நான்கு வளையங்கள் வாங்கினேன்.

பொட்டலம் வந்தபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். உறையில் தயாரித்தவர் பெயர் இல்லை. பிரித்ததும் புது டயர் வாசனை அடித்தது. வளையம் மெல்லிசாக இருந்தது, மூடியில் இழுத்துத்தான் மாட்ட முடிந்தது. ஆனால் அன்று பழம் நறுக்கி அடுப்பில் ஏற்றியாகிவிட்டது. கொஞ்சம் இழுத்து மாட்டினால் இறுக்கமாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொதிநீரிலிருந்து எடுத்தபோது மூன்று ஜாடிகளில் வளையம் ஒரு பக்கமாகச் சுருண்டு வெளியே பிதுங்கி நின்றது. மற்ற ஒன்பதும் பார்வைக்கு நன்றாக இருந்தன. மறுநாள் காலை நன்றாக ஆறிய பிறகு க்ளிப்பைக் கழற்றி, மூடியை மட்டும் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். சரியாக மூடிய ஜாடி என்றால் மொத்தமும் மூடியோடு சேர்ந்து எழும். நான்கில் மூடி அப்படியே கையோடு வந்தது, எந்தப் பிடிப்பும் இல்லை. மிச்சம் ஐந்தை நம்பி அலமாரியில் வைத்தேன். இரண்டு வாரத்தில் அவற்றிலும் இரண்டு தளர்ந்துவிட்டன. கூழின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள். அதற்கு மேல் எதையும் நம்ப மனம் வரவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று ஸ்கேலை எடுத்து அளந்த பிறகுதான் புரிந்தது. வெக் ஜாடியில் 100 என்று சொல்வது ஜாடி வாயின் அளவுப் பெயர். அந்த அளவுக்கான வளையத்தின் உள்விட்டம் 94 மி.மீ., வெளிவிட்டம் 108 மி.மீ. வளையத்தில் எந்த இடத்தை அளந்தாலும் 100 வராது. அதேபோல் 80 அளவுக்கு வளையம் 74, 86. 60 அளவுக்கு 54, 67. எனக்கு வந்ததோ வெளிவிட்டமே 100. உள்விட்டம் 86தான் இருந்தது. எட்டு மில்லிமீட்டர் சின்ன வளையத்தை இழுத்து மாட்டினால் அது மெலியும், சூட்டில் இளகும், பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். அப்படிச் சுருங்குகிற வேகத்தில்தான் பக்கவாட்டில் நழுவியிருக்கிறது.

இந்த வளையம் செய்கிற வேலையைத் தெரிந்துகொண்டால், சின்ன வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிய நஷ்டம் ஆகிறது என்பது விளங்கும். கொதிக்கும்போது உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும் வளையத்தின் அடியில் புகுந்து வெளியேறும். ஆறும்போது உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று மூடியை அழுத்தும், வளையம் நடுவில் நசுங்கி வழியை அடைக்கும். க்ளிப் தேவைப்படுவது அதுவரைக்கும்தான். அப்புறம் மாதக்கணக்கில் மூடியைப் பிடித்து வைத்திருப்பது வெளிக்காற்றின் அழுத்தம் மட்டுமே. ஓர் இடத்தில் ஊசி நுழையும் அளவு வழி இருந்தாலும் காற்று உள்ளே போய்விடும்.

விற்றவருக்கு எழுதினேன். ஸ்கேல் பக்கத்தில் வளையத்தை வைத்துப் படமும் அனுப்பினேன். “பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற முடியாது” என்று பதில் வந்தது. கொதிக்க வைக்காமல் கொதிநீர் தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது? அதற்குப் பதில் இல்லை. பயன்படுத்தாத பன்னிரண்டையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், உறை பிரித்தாகிவிட்டது என்றார்கள். கடைசியில் வேண்டுமானால் சிலிகான் வளையம் மாற்றித் தருகிறோம், அது இன்னும் உறுதியானது என்றார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. சிலிகான் சூடு தாங்கும், நெடுநாள் உழைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு அதிகமாகக் காற்றைத் தன்னூடே கசிய விடும் பொருள் அது. பருப்பும் மாவும் போட்டு வைக்கும் டப்பாவுக்குத் தாராளமாகப் போதும். வெற்றிடம் மாதக்கணக்கில் நிற்க வேண்டிய ஜாடிக்கு ஆகாது. இதைத் தெரியாமல் விற்கிறார்களா, தெரிந்தே விற்கிறார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் போட்டது புளிப்புள்ள பழம். அதனால் குமிழி, பூஞ்சை என்று கண்ணுக்குத் தெரிந்தது. அமிலம் குறைந்த, அதாவது பிஹெச் (புளிப்பை அளக்கும் எண், புளிப்பு குறையக் குறைய இது கூடும்) 4.6க்கு மேல் உள்ள காய்கறியோ இறைச்சியோ ஆக இருந்தால் நிலைமை வேறு. காற்றில்லாத ஜாடியில் வளரும் போட்டுலினம் கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதிநீரில் சாகாது. அதனால்தான் அவற்றுக்கு அழுத்தப் பாத்திரமும் சோதித்த செய்முறையும் வேண்டும் என்கிறார்கள். அந்தக் கிருமி உண்டாக்கும் நஞ்சு வாசனையிலோ ருசியிலோ தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே அலமாரியில் தானாக மூடி தளர்ந்த ஜாடியை மறுபடி கொதிக்க வைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், ருசி பார்க்கவும் வேண்டாம். கொட்டிவிடுங்கள்.

இப்போது நான் வாங்கும்போது உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் எழுதிக் கேட்கிறேன். “100 மி.மீ.தான், பொருந்தும்” என்று மட்டும் பதில் வந்தால் அங்கே வாங்குவதில்லை. ஜாடி தயாரித்தவரே அந்த ஜாடிக்கென்று விற்கும் வளையம் கிடைத்தால் வேறு எதையும் பார்க்காதீர்கள். கம்பிக் கொக்கி வைத்த லெ பார்ஃபே, கில்னர் போன்ற ஜாடிகளுக்கும் அப்படித்தான், ஒன்றின் வளையம் இன்னொன்றுக்கு உட்காரும் என்று எண்ணிவிட வேண்டாம். மேசன் என்னும் திருகு மூடி ஜாடியின் இரண்டு துண்டு மூடியில் அடைப்புப் பூச்சு தட்டையான மூடியிலேயே ஒட்டியிருக்கும். அதற்குத் தனி வளையம் வாங்கவே தேவையில்லை, அந்த மூடியைத்தான் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

இன்னொன்று, புது வளையத்தைப் பழத்தோடு முதல் தடவை சோதிக்காதீர்கள். ஜாடியில் வெறும் தண்ணீர் ஊற்றி, வளையம் மாட்டி, வழக்கம்போல் கொதிக்க வைத்து, ஒரு ராத்திரி ஆறவிட்டு, க்ளிப்பைக் கழற்றி மூடியைப் பிடித்துத் தூக்குங்கள். வெக் வளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாக்கு, வெற்றிடம் பிடித்திருந்தால் கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கும். இந்தச் சோதனைக்கு ஒரு வளையம் செலவாகும். சூட்டில் ஒரு முறை நசுங்கியதை மறுபடி பதப்படுத்தப் போடக் கூடாது, உலர்ந்த பொருள் வைக்கும் ஜாடிக்கு மாற்றிக்கொள்ளலாம். மிச்ச வளையங்களை வெளிச்சம் படாமல், எண்ணெய் படாமல், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும்.

விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்றே நான் படம் எடுத்து வைத்திருந்தேன். அது இருந்ததால் பணம் செலுத்திய வழியில் புகார் கொடுக்க முடிந்தது. மூன்றாவது வாரத்தில் பாதிப் பணம் திரும்பி வந்தது. நீங்களும் எடுத்து வையுங்கள், ஏனென்றால் அந்த விளம்பரம் இப்போது அங்கே இல்லை. அதே படமும் அதே வரிகளும் நேற்று வேறொரு கடைப் பெயரில் என் கண்ணில் பட்டன. 100 மட்டும் 95 ஆகியிருக்கிறது. ‘எல்லா ஜாடிக்கும் பொருந்தும்’ என்பதை அவர்கள் மாற்றவே இல்லை.