படித்துப் பார்த்துத் தட்டச்சு செய்யும் கடை

நாகர்கோவில் மக்களவைத் தொகுதியின் வரலாற்றைப் பற்றி நான் கையால் எழுதி வைத்திருந்த 70 பக்கங்களை, காட்பாடி காந்தி நகரில் உள்ள ஒரு சிறிய டி.டி.பி. கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வாங்கினேன். பக்கத்திற்கு 35 ரூபாய் வாங்குகிறார்கள். அதே தெருவில் 25 ரூபாய்க்குச் செய்து தருபவர்களும் உண்டு என்றாலும், கூடுதலாகக் கொடுத்த பணம் வீண்போகவில்லை என்பதே என் கருத்து.

குடியாத்தத்துக்காரர் ஒருவர் தென்கோடிக் கடற்கரைத் தொகுதியைப் பற்றி ஏன் எழுதுகிறார் என்று கடைக்காரர் முதல் நாளே கேட்டார். காரணம் காமராசர்தான். 1954-இல் முதலமைச்சரானபோது அவர் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது எங்கள் ஊர் இடைத்தேர்தல் வழியாக. 1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகரில் தோற்றபின் 1969-இல் மீண்டும் மக்களவைக்குச் சென்றது, அத்தொகுதியின் உறுப்பினராக இருந்த நேசமணியின் மறைவால் நாகர்கோவிலில் நடந்த இடைத்தேர்தல் வழியாக. சொந்த ஊர் கைவிட்டபோது நாகர்கோவில் அவரை ஏற்றுக்கொண்டது எப்படி என்று தேடப் போய்த்தான் அத்தொகுதியின் முழு வரலாற்றுக்குள் இறங்கினேன்.

இக்கடையின் பெரிய சிறப்பு, தட்டச்சு செய்யும் அம்மையார் எழுத்தை மட்டும் பார்க்காமல் பொருளையும் படிக்கிறார் என்பது. தமிழ்நாட்டின் சார்பில் அத்தொகுதியில் வென்ற முதல் உறுப்பினர் நேசமணி என்று நான் எழுதியிருந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, "சார், 1956-லதான் குமரி நம்ம பக்கம் வந்ததுன்னு நீங்களே நாலாம் பக்கத்துல எழுதியிருக்கீங்களே?" என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். முதல் பொதுத்தேர்தலின்போது நாகர்கோவில் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. நேசமணி வென்றதும் தாய்த் தமிழகத்துடன் இணைய வேண்டும் என்று போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் சார்பில்தான். அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் சேர்ந்த பிறகு, 1957 தேர்தலில் வென்றவர் தாணுலிங்க நாடார். இருபது ஆண்டுகள் வகுப்பில் வரலாறு நடத்திய என் கண்ணுக்கு இந்தப் பிழை தப்பியது.

ஆனால் கணினியை நம்பி அவர்கள் செய்த ஒரு வேலை என்னை மிகவும் சோதித்தது. தொகுதியின் பெயர் சில இடங்களில் நாகர்கோவில் என்றும் சில இடங்களில் கன்னியாகுமரி என்றும் இருப்பதைக் கண்ட உதவியாளர் ஒருவர், சீராக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் கன்னியாகுமரி என்று மாற்றிவிட்டார். அதனால் 1971-இல் காமராசரும், 1977-இல் குமரி அனந்தனும், 2004-இல் பெல்லார்மினும் அன்றைக்கு இல்லாத ஒரு தொகுதியின் உறுப்பினர்கள் ஆகிவிட்டார்கள். 2008 தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு, 2009 தேர்தலில்தான் கன்னியாகுமரி என்ற பெயரில் தொகுதி வந்தது. அப்பெயரில் முதலில் வென்றவர் ஹெலன் டேவிட்சன். இத்தகைய நூலில் பெயர் மாற்றமே வரலாற்றின் ஒரு பகுதி என்பதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது பிழை அட்டவணையில் நேர்ந்தது. 1980 முதல் 1998 வரை தொடர்ந்து ஆறு முறை வென்ற டென்னிசை, இடம் மிச்சம் பிடிப்பதற்காக ஒரே வரியில் அடக்கி, எதிரே காங்கிரஸ் என்று போட்டிருந்தார்கள். 1996, 1998 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் அவர் தமிழ் மாநில காங்கிரஸ் வேட்பாளர். கட்சி மாறியும் ஆள் மாறவில்லை என்பதுதானே அந்த வரிகளில் பார்க்க வேண்டிய செய்தி! மூன்றாவதாக, 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிய பகுதியில் தூத்தூர் என்ற மீனவ ஊர் தூத்துக்குடி ஆகியிருந்தது. கடலே இல்லாத வட ஆர்க்காட்டில் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர்போன ஒரு சிற்றூரின் பெயர் பழக்கமில்லாததில் வியப்பில்லை. என்றாலும் துயரத்தைச் சொல்லும் பக்கத்தில் அப்பிழையைக் கண்டபோது மனம் சங்கடப்பட்டது.

பிழையான பக்கங்களை முகம் சுளிக்காமல், கூடுதல் பணம் கேட்காமல் மீண்டும் அச்சடித்துக் கொடுத்தார்கள். தொகுதியின் உறுப்பினராக இருந்த வசந்தகுமார் 2020-இல் மறைந்ததையும், 2021 இடைத்தேர்தலில் அவருடைய மகன் விஜய் வசந்த் வென்றதையும் சொல்லும் கடைசிப் பக்கத்தை நான் இரண்டு முறை திருத்தியபோதும் பொறுத்துக்கொண்டார்கள். பைண்டிங் உறுதியாக இருக்கிறது. தாளும் பின்பக்க எழுத்து தெரியாத அளவுக்குத் தடிமனானது. ஒன்பது நாளில் தருவதாகச் சொன்ன வேலை மட்டும் இருபது நாள் இழுத்தது. திருமண அழைப்பிதழ் வேலை குவியும் மாதங்களில் அவசரப் பணி எதையும் இங்கே கொடுக்காதிருப்பது நல்லது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோப்பைப் பழைய பாமினி எழுத்துருவில் கொடுத்துவிட்டார்கள். நாகர்கோவிலில் இருக்கும் நண்பருக்கு அனுப்பியபோது அவருடைய கைப்பேசியில் புரியாத குறிகளாகத்தான் தெரிந்தது. ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தர மேலும் இரண்டு நாள் ஆயிற்று. அடுத்து அரக்கோணம் தொகுதியைப் பற்றிய கட்டுரையை அவர்களிடமே கொடுத்திருக்கிறேன். ஒருங்குறியில் வேண்டும் என்பதையும், எந்தப் பெயரையும் கேட்காமல் மாற்ற வேண்டாம் என்பதையும் முதல் தாளின் தலையிலேயே சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.